ஆக்டேவியாவுக்கு ஆர்எஸ் பிரேக், நெல்லு காயுற ரோட்டுல

எங்க காவிரி டெல்டா பக்கம் மேடுன்னா ஆத்துப் பாலத்து ஏத்தம் ஒண்ணுதான், இங்க உக்காந்துக்கிட்டு உனக்கெதுக்குடா ஆர்எஸ் பிரேக்குன்னு கேக்காத ஆளே இல்ல. மச்சான் கேட்டான், டயர் கடைக்காரர் கேட்டாரு, வீட்ல கேட்டதை இங்க எழுத முடியாது. ஆர்எஸ்ன்னா ஸ்கோடா ஆக்டேவியா கார்லயே வேகமான மாடல், அதோட பெரிய முன் பிரேக்கை என் சாதா ஆக்டேவியால மாட்டியிருக்கேன். கேள்வி நியாயமானதுதான், அதனால பதிலைக் கொஞ்சம் நீளமாவே எழுதிடுறேன், இன்னும் பழைய ஆக்டேவியாவை விக்க மனசில்லாம வச்சிருக்குற நாலு பேருக்காவது ஆகும்.

வண்டி 2004 மாடல், 1.9 டிடிஐ டீசல் இன்ஜின், 90 குதிரை சக்தி. ஓடுறதுல ஒரு குறையும் இல்ல, சீட்டு இன்னும் கிழியல, டிக்கில ரெண்டு மூட்டை அரிசியும் ஒரு வாழைத்தாரும் போட்டுட்டு மேல பெட்டி வைக்கலாம். பிரேக் மட்டும் எனக்கு எப்பவும் ஒரு மாதிரி, முதல் தடவை அமுக்குனா நல்லா நிக்கும், அடுத்தடுத்து நாலஞ்சு தடவை அமுக்குற மாதிரி ஆச்சுன்னா பெடல் கொழகொழன்னு போய்டும்.

வேற வண்டி பார்ட்ஸ் இதுல பொருந்துறதுக்குக் காரணம் பிக்யூ34ன்னு சொல்ற பிளாட்ஃபார்ம். ஃபோக்ஸ்வாகன் குரூப் ஒரே அடிப்பாகத்தை வச்சு நாலாம் தலைமுறை கோல்ஃப், முதல் ஆடி ஏ3, முதல் ஆடி டிடி, சீட் லியோன், நம்ம முதல் தலைமுறை ஆக்டேவியா எல்லாத்தையும் கட்டுனாங்க. இந்தக் குடும்பத்துல முன் டிஸ்க் 256, 280, 288, 312 மிமீன்னு சைஸ் ஏறிக்கிட்டே போகும். ஐரோப்பால வித்த 180 குதிரை ஆக்டேவியா ஆர்எஸ், 225 குதிரை ஆடி டிடி ரெண்டுக்கும் 312 மிமீ, தடிமன் 25. என் வண்டில அளந்து பாத்தப்ப 280, தடிமன் 22. வீல் மாட்டுற ஹப்புல போல்ட் உக்கார்ற அளவு எல்லாத்துக்கும் 5×100, அதாவது 100 மிமீ வட்டத்துல அஞ்சு போல்ட்டு, அதனால டிஸ்க் மாட்டுறதுல பிரச்சனை இல்ல.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. பழைய பார்ட்ஸ் விக்கிற சென்னை புதுப்பேட்டைலயும் சரி, கோயம்புத்தூர் உக்கடத்துலயும் சரி, ஆக்டேவியா ஆர்எஸ் பிரேக்குன்னு கேட்டா லாரா பிரேக்கை எடுத்து நீட்டுவாங்க, அதுவும் ஸ்கோடா தானேன்னு. லாரா அடுத்த தலைமுறை, அதோட போல்ட் அளவு 5×112. பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாட்டப் போனா ஒரு போல்ட்டு கூட ஏறாது. ஆர்எஸ்ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்த வண்டில இருந்து கழட்டுனதுன்னு சொன்னாலும் அதை நம்பி காசு குடுக்காதீங்க, கைல ஒரு டேப்போ வெர்னியரோ எடுத்துட்டுப் போங்க, டிஸ்க்கோட விட்டத்தை அளந்துட்டு அப்பறம் பேரம் பேசுங்க.

பேடை டிஸ்க் மேல அமுக்கிப் பிடிக்கிற காலிப்பர் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். ஏற்கனவே 288 இருக்குற வண்டின்னா காலிப்பரை அப்படியே வச்சுக்கிட்டு அதைத் தாங்குற கேரியரை மட்டும் 312க்கு உள்ளதா மாத்துனா முடிஞ்சுது. 256, 280 வச்சிருக்குற என்னை மாதிரி ஆளுங்களுக்கு காலிப்பர், கேரியர் ரெண்டுமே வேணும். எனக்கு லண்டன்ல இருக்குற மாமா பையன் மூலமா பழைய ஜோடி ஒண்ணு கிடைச்சுது, ஊருக்கு வரும்போது பெட்டில துணிக்கு நடுவுல சுத்திக் கொண்டு வந்தான், ஏர்போர்ட்ல ஸ்கேனர்ல பாத்துட்டு இது என்னன்னு கேட்டாங்களாம். டிஸ்க்கை அவன் தலைல கட்டல, ஒண்ணே ஏழெட்டு கிலோ வரும், அதைப் புதுசா இங்கயே ஆர்டர் போட்டேன். டிஸ்க்கும் பேடும் எப்பவும் புதுசுதான் போடணும், அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

சரி, பெரிய டிஸ்க்கால என்ன நடக்குது. காலிப்பர்ல பிஸ்டன் பழசுலயும் 54 மிமீ, புதுசுலயும் 54 மிமீ, அதனால பெடல் போற தூரம் மாறாது, பெடல் அமுக்கும்போது ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேணாம். பிஸ்டன் தள்ளுற விசையும் அதேதான். ஆனா அந்த விசை அச்சுல இருந்து தள்ளி வெளிப்பக்கமா போய் பிடிக்குது, 280க்கு 312ன்னா கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதல் முறுக்கு விசை. கால்ல அது தெரியும், கொஞ்சமா அமுக்குனாலே பிடிக்கிற மாதிரி. மத்தபடி பெரிய லாபம் சூட்டுல. மெல்லிசு தோசைக்கல்லுக்கும் கனத்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம் அது, 25 மிமீ தடிமன் இரும்பு அவ்வளவு சீக்கிரம் காயாது.

நிறைய பேர் நினைக்கிறது என்னன்னா பெரிய பிரேக் போட்டா வண்டி சீக்கிரம் நின்னுடும்னு. ஒரே ஒரு தடவை அமுக்குறதுக்கு அப்படி இல்லங்க. பழைய 280 பிரேக்கே வீலை லாக் பண்ணுற அளவுக்கு, அந்த லாக்கைத் தடுக்குற ஏபிஎஸ் கடகடன்னு அடிக்கிற அளவுக்கு சக்தி உள்ளதுதான். ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பிச்சுட்டாலே அதுக்கு மேல வண்டியை நிறுத்துறது டயரும் ரோடும்தான், பிரேக்குக்கு அங்க வேலை முடிஞ்சுது. பெரிய பிரேக் எதுக்குன்னா பத்தாவது தடவை அமுக்கும்போதும் முதல் தடவை மாதிரியே இருக்குறதுக்கு.

இதை நான் புரிஞ்சுக்கிட்டது கொல்லிமலைல. ஆடிப் பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயில் போகணும்னு வீட்ல ஆசைப்பட்டு திருச்சி, நாமக்கல் வழியா போனோம், அஞ்சு பேரு, டிக்கி நிறைய சாமான். ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கும்போது 70 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர்லதான் இறக்குறேன், இருந்தாலும் பாதி மலைல பேடு கருகுற வாடை வந்துச்சு, இன்னும் கொஞ்சம் கீழ வந்ததும் பெடல் வழக்கத்தைவிட ஆழமா போச்சு. ஓரங்கட்டி நிறுத்திட்டேன். பின்னாடி உக்காந்திருந்த அத்தை, ஏன்டா தம்பி வண்டில ஏதாச்சும் எரியுதான்னு கேட்டாங்க, இல்லத்தே குரங்கைப் பாப்போம்னு சொல்லி எல்லாரையும் இறக்கி விட்டேன்.

அப்பறம் வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆளு, சாமானோட வண்டி சுமார் 1600 கிலோன்னு வைங்க, நூறு கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரேயடியா நிறுத்துனா சுமார் 600 கிலோ ஜூல் சக்தி சூடா மாறணும். அதே எடை ஆயிரம் மீட்டர் உயரத்துல இருந்து இறங்குனா பதினஞ்சாயிரத்துக்கும் மேல. அதாவது நூறுல இருந்து இருவத்தஞ்சு தடவை சடன் பிரேக் போட்ட சூடு. இதுல ஒரு பங்கை இன்ஜின் பிரேக்கிங் எடுத்துக்கும், கொஞ்சம் காத்துலயும் டயர்லயும் போகும், மிச்சம் பூராவும் அந்த ரெண்டு முன் டிஸ்க் தலைலதான் பெரும்பாலும் விழும்.

ஆனா பெடல் ஆழமா போனதுக்கு டிஸ்க் மட்டும் காரணம் இல்ல, பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதுல டாட் 3, டாட் 4ன்னு தரம் உண்டு, டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி சேந்து பழசானா அதுக்கு வச்சிருக்குற அளவே 155 டிகிரிதான். டாட் 3ன்னா 205, 140. கொதிச்சா உள்ள ஆவி வரும், ஆவி அமுங்கும், பெடல் உள்ள போகும். நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகைல துவைச்ச துணியே ரெண்டு நாளைக்குக் காயாது, இந்த ஈரத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஆயில் மாத்துறதை விட்டுடவே கூடாது. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் கடைசியா எப்ப மாத்துனாருன்னு பில்லு எதுலயும் இல்ல, டப்பால எட்டிப் பாத்தா ஆயில் டீ டிக்காஷன் கலர். டாட் 4 போட்ட வண்டில டாட் 5 ஊத்திடாதீங்க, நம்பர் பெருசா இருக்கேன்னு, அது சிலிகான் ஆயில், இதோட சேராது.

இப்ப டெல்டாவுக்கு வரேன். மலை இல்லாத ஊர்ல பிரேக்குக்கு வேலை இல்லைன்னு யாரு சொன்னா. கும்பகோணத்துல இருந்து மன்னார்குடி போற மாதிரி ஒரு சின்ன ரோட்ல சாயங்காலம் ஓட்டிப் பாருங்க, வாய்க்கா மதகு ஒரு குறுகல், ஸ்பீட் பிரேக்கர், ஊர் முடிஞ்சதும் இன்னொரு ஸ்பீட் பிரேக்கர், அதுக்குப் பெயின்ட் இருக்காது, நடுவுல ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டைத் தாண்டும், மேய்க்கிறவரு கம்பை ஒசத்திக் காட்டுவாரு, முன்னால கரும்பு டிராக்டர், எதிர்ல டவுன் பஸ்சு நம்ம பக்கத்துல வரும். எண்பதுக்குப் போறது, இருவதுக்கு இறங்குறது, திரும்ப எண்பது. இந்த ஓட்டத்துல டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது. பெரிய டிஸ்க் இங்கதான் பேசும்.

பேசாத இடமும் இருக்கு. குறுவை அறுப்பு புரட்டாசி ஐப்பசில, சம்பா அறுப்பு தை மாசி, அந்த நேரத்துல ரோட்டுல பாதிக்கு நெல்லு காயும். ஓரத்துல கல்லு வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, சாயங்காலமானா சாக்கு, தார்ப்பாய், ராத்திரில அது கண்ணுக்கே தெரியாது. நெல்லு மணி மேல டயர் ஏறுனா உருளை மேல ஏறுன மாதிரிதான், 312 இல்ல 400 மிமீ டிஸ்க் போட்டாலும் அது மேல வண்டி வழுக்கிக்கிட்டேதான் போகும், ஏபிஎஸ் அடிச்சுக்கிட்டே இருக்கும், வண்டி நிக்காது. சிமென்ட் களம் பத்தாத ஊர்ல ரோட்ல காயப்போடுறவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, ஈரப்பதம் கூடுனா கொள்முதல் நிலையத்துல மூட்டையை எடுக்க மாட்டாங்க, அவரு எங்க போவாரு. நடவு சமயத்துல இன்னொரு கூத்து, கேஜ் வீல்ங்கிற இரும்புக் கூண்டு சக்கரம் போட்ட டிராக்டர் வயல்ல இருந்து ஏறி ரோடு பூரா வண்டலை இழுத்து விட்டுட்டுப் போகும், அது மேல ஒரு தூத்தல் விழுந்துதுன்னா அம்புட்டுதான். இந்த ரெண்டுக்கும் மருந்து நல்ல டயரும் கால் எடுத்து ஓட்டுறதும்தான். டயர் தேஞ்ச வண்டிக்கு ஆர்எஸ் பிரேக் வாங்குற காசு இருந்தா முதல்ல நாலு டயர் வாங்குங்க, நான் இதை எழுதுறதே அதுக்காகத்தான்னு கூட வச்சுக்கலாம்.

வேலை நடந்தது நம்ம மெக்கானிக் அண்ணன் ஷெட்ல. லண்டன்ல இருந்து வந்த காலிப்பர் வெளில பாக்க சுமாரா இருந்துச்சு, ஆனா அந்த ஊர்ல பனிக்கு ரோட்டுல உப்பு போடுவாங்க, உள்ள என்ன இருக்கும்னு பிரிக்காம மாட்டக்கூடாதுன்னு முடிவு. வைஸ்ல மாட்டி, பிஸ்டனுக்கு எதிர்ல ஒரு வேப்பங்கட்டையை அண்டக் குடுத்து, ஹோஸ் ஓட்டைல காத்து கன்னை வச்சு லேசா அமுக்குனாரு. முதல்ல அசையல. இன்னும் கொஞ்சம் காத்து, அப்பறம் டப்புன்னு ஒரு சத்தம், கட்டைல பிஸ்டன் வட்டமா தடம் பதிச்சுட்டு நின்னுச்சு. விரலை மட்டும் அங்க வைக்காதீங்க, எலும்பு மிஞ்சாது. பிஸ்டனைத் துடைச்சுப் பாத்தா மேல் விளிம்புல தூசி ரப்பர் உக்கார்ற இடத்துல மட்டும் சுத்திவர மெல்லிசா ஒரு துரு கோடு, சீல் ஓடுற வழவழப்பான பாகம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு. அப்ப பிஸ்டன் தப்பிச்சுது. அங்க குழி விழுந்திருந்தா எமரி போட்டுத் தேய்ச்சு சமாளிக்கக் கூடாது, பிஸ்டனை மாத்தணும். சீல் உக்கார்ற காடில துரு பொடிப்பொடியா அடைஞ்சு கிடந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர் விட்டா கீறல் விழும்னு மூங்கில் குச்சியைச் சீவி அதால சுரண்டி எடுத்தோம்.

அப்பறம் கிரீஸ் சண்டை. அண்ணன் வழக்கம்போல ஷெட்டு கிரீஸ் டப்பாவை எடுத்துட்டு வந்தாரு.

"அண்ணே அது வேணாம்ணே, பெட்ரோலிய கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிடும். தனியா செவப்பு ரப்பர் கிரீஸ் வாங்கியாந்திருக்கேன்."

"முப்பது வருசமா இதத்தான் தம்பி போட்டுட்டு இருக்கேன்."

"போட்ட வண்டி திரும்பி வந்ததே இல்லயாண்ணே?"

"வரும். பிரேக்கு பிடிச்சுக்கிச்சுன்னு வரும்."

சொல்லி முடிச்சுட்டு அவரே சிரிச்சிட்டாரு, டப்பாவை மூடி வச்சுட்டு என் கைல இருந்த ட்யூபை வாங்கிக்கிட்டாரு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது சிலது. காலிப்பர்ல ஏர் எடுக்குற நிப்பிள் மேல் பக்கம் இருக்கணும், கீழ இருந்தா இடது வலது மாறிப்போச்சுன்னு அர்த்தம், எவ்வளவு ப்ளீடிங் பண்ணாலும் மேல நிக்கிற காத்து வெளில வராது. ஹப் முகத்துல இருக்குற துருவை வயர் பிரஷ் போட்டு இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் எடுக்கணும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் ஓடுற வண்டில உப்புக் காத்துக்கு அது செதில் செதிலா நிக்கும், அது மேல புது டிஸ்க்கை வச்சா கோணலா உக்காந்து ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும், அப்ப எல்லாரும் டிஸ்க் மட்டம்னு டிஸ்க்கைத் திட்டுவாங்க. ரப்பர் ஹோஸை எப்படியும் புதுசா போடுங்க, இருவது வருஷ ஹோஸ் வெளில நல்லா இருந்தாலும் அமுக்கும்போது ஊதும், அந்தக் காலிப்பருக்கு உள்ள முனைதானான்னு ஒத்துப் பாத்து வாங்குங்க. டிஸ்க்குக்குப் பின்னால இருக்குற தகடு 312ல உரசும் போல இருந்துச்சு, விளிம்பை லேசா மடக்கி விட்டோம். காலிப்பரைப் பிடிச்சிருக்குற கைடு பின்னுக்கு 7 மிமீ ஆலன் கீ வேணும், மெக்கானிக் ஷெட்ல 6 இருக்கும் 8 இருக்கும் 7 மட்டும் இருக்காது, கையோட கொண்டு போங்க.

ஆயில் மாத்தும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க விடாதீங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல சீல் வழக்கமா போகாத தூரத்துல அழுக்கும் துருவும் இருக்கும், அங்க ஓடுனா சீல் கிழிஞ்சு புதுச் செலவு. பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டை போட்டுட்டோம், அவ்வளவுதான்.

புது பேடு டிஸ்க்கோட சேந்து பழகணும். விடிகாலைல பைபாஸ்ல ஆள் இல்லாத நேரமா பாத்து அறுபதுல இருந்து இருவது வரைக்கும் திடமா அமுக்கி விடுறது, நிறுத்தாம திரும்ப வேகம் எடுக்குறது, இப்படி எட்டு பத்து தடவை, அப்பறம் பிரேக் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுறது. சூடா இருக்கும்போது பெடலை மிதிச்சுக்கிட்டு நிக்காதீங்க, பேடு இருக்குற இடத்துல மட்டும் திட்டு விழும்.

ஆனதுக்கு அப்பறம் எப்படி இருக்குன்னா, பெடல் மேலயே பிடிக்குது, கல்லு மாதிரி. திரும்ப கொல்லிமலை போனப்ப வாடை வரல, பெடல் இறங்கல, அத்தையும் கேள்வி கேக்கல. ஆனா உண்மையைச் சொல்லணும்னா இந்த நிம்மதில பாதிக்கு மேல புது ஆயிலும் புது ஹோஸும் குடுத்ததுதான்னு நினைக்கிறேன். பழைய 280ஐயே இதே மாதிரி பிரிச்சு சுத்தம் பண்ணி, நல்ல பேடு, டாட் 4, புது ஹோஸ் போட்டா நம்ம ஊர் ஓட்டத்துக்குத் தாராளமா போதும், மலைக்கு அடிக்கடி போறவன், ஆளு நிறைய ஏத்திட்டுப் போறவன் மட்டும் 312க்குப் போகலாம். பின் பிரேக்ல நான் கை வைக்கல, முன்னால கூட்டுன அளவு கொஞ்சம்தான், பின்னாடி அளவுக்கு மேல பிடிச்சாதான் வண்டி சுத்தும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. இந்த மாதிரி பழைய வண்டிக்கு 15 வருஷம் தாண்டுனதும் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி ஆர்சி புதுப்பிக்கணும் வேற. அதனால செய்யுறதுக்கு முன்னாடியே அங்க கேட்டுக்கோங்க, இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் எழுதிக் குடுத்துடுங்க, பில்லு எல்லாம் பத்திரமா வைங்க.

கடைசியா வீல். 312 டிஸ்க்குக்கு 15 இன்ச் வீல் உள்ள நுழையாது, 16 போட்டே ஆகணும். 195/65 ஆர் 15க்குப் பதிலா 205/55 ஆர் 16 போட்டா வெளி விட்டம் ஏறக்குறைய ஒண்ணுதான், ஸ்பீடோ மீட்டர் மாறாது. ஆனா எல்லாரும் மறக்குறது ஸ்டெப்னி. டிக்கில கிடக்குற 15 இன்ச் இரும்பு வீல் முன்னாடி ஏறவே ஏறாது, காலிப்பர்ல இடிக்கும். ராத்திரி திருத்துறைப்பூண்டி பக்கம் முன் டயர் பஞ்சர் ஆனா, பின்னாடி 16ஐக் கழட்டி முன்னாடி போட்டுட்டு 15ஐப் பின்னாடி மாட்டணும், ரெண்டு தடவை ஜாக்கி. மழைல நின்னுக்கிட்டு அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்ல. 16 இன்ச் இரும்பு வீல், 5×100, நடு ஓட்டை 57.1 மிமீ, யார்கிட்டயாவது ஒண்ணே ஒண்ணு சும்மா கிடந்தா சொல்லுங்க, வந்து எடுத்துக்கிறேன். அலாய் வேணாம்.